பிஸ்கட் பாட்டுக்குப் பிறகு ஸ்டேஷன் பெயர்

கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வழியாகப் போகும் காலை ரயிலில் என் பக்கத்தில் உட்காருபவர் பார்வையில்லாத ஓர் அண்ணன். மசாஜ் கடையில் வேலை. "மேனேஜருங்க தோளெல்லாம் சிமெண்ட்டு, தங்கச்சி. லோரி டிரைவருங்களுக்கு இடுப்புலதான் எல்லாக் கவலையும்" என்று ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பார். அவர் பேச்சுக்காகவே அந்தப் பெட்டியில் ஏறுவேன்.

என்ன கதையில் இருந்தாலும் அறிவிப்பில் ஸ்டேஷன் பெயர் காதில் விழுந்ததும் கைத்தடியை விரித்து எழுந்துவிடுவார். யாரும் கை பிடிக்கக் கூடாது.

போன வருடம் ரயிலில் விளம்பரம் நுழைந்தது. ஜன்னல் முழுக்க ஸ்டிக்கர். அறிவிப்பிலும் முதலில் பிஸ்கட் பாட்டு, பிறகு பால் மாவு, கடைசியில்தான் ஸ்டேஷன் பெயர். அது வருவதற்குள் கதவே மூடிவிடும். ஒரு நாள் பேச்சு சுவாரசியத்தில் நாங்கள் இருவருமே தாண்டிப் போனோம். அடுத்த வாரமும் அப்படியே. எனக்கு ஆபீசில் ஒரு முறைப்போடு போயிற்று. அவருடைய முதலாளியோ, இன்னொரு தடவை நேரம் தவறினால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

"ஸ்டேஷனை எண்ணிக்கிட்டே வரலாமே, அண்ணே?"

"நடுவழியில நின்னு நின்னு போற ரயில எப்படி எண்றது? எண்ணிக்கிட்டிருந்தா உங்ககூட யாரு வாயடிக்கிறது லா?"

கவுண்டரில் புகார் சொன்னோம். அங்கிருந்த பெண் பொறுமையாகத்தான் பேசினாள்.

"டிக்கெட் காசு மட்டும் பத்தாது, அங்கிள். விளம்பரந்தான் தாங்குது. அது நின்னா விலை ஏறும். உங்களுக்குக் குடுக்கிற பாதி விலை டிக்கெட்டும் இருக்குமான்னு தெரியல."

"அப்போ பிஸ்கட்டுதான் என்னைக் கூட்டிட்டு வருது. இறக்கிவிடத்தான் மறந்துடுது."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. விளம்பரத்தை நிறுத்தச் சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை.

இப்போது நான் உட்காருவதில்லை. கதவோரம் நின்று, ஸ்டிக்கர் ஒட்டாத இடுக்கில் வெளியே பார்த்து, "அண்ணே, வந்திருச்சி" என்பேன். முதல் நாள் சட்டைக் கையைத் தொட்டேன், வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "சொன்னா போதும்."

பேச்சும் நின்றுவிட்டது. எனக்கு முன்னால் தானே பெயரைப் பிடித்துவிட வேண்டுமென்று, பாட்டுக்கு நடுவே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அடுத்த மாதம் எங்கள் ஆபீஸ், இந்த ரயில் போகாத ஸ்ரீ கெம்பாங்கானுக்கு மாறுகிறது. அதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.