வாங்கினேன், நன்றி

எங்கள் சங்கத்தில் எதை இரவல் வாங்கினாலும் வாடகை கிடையாது. சக்கர நாற்காலி, தலைப்பக்கம் உயர்த்தும் நோயாளிக் கட்டில், சாவு வீட்டுக்கு ஃப்ரீசர் பெட்டி, எல்லாமே இலவசம். வாங்கியவர் ஒன்றே ஒன்று செய்ய வேண்டும். ஆண்டு விழாவில் மேடையேறி மைக்கைப் பிடித்து, "வாங்கினேன், நன்றி" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். சொல்லாதவர் வீட்டுக்கு அடுத்த முறை எதுவும் போகாது. இந்த விதியைப் போட்டவர் என் அப்பா.

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கின் மாடியில்தான் சங்கம் பிறந்தது. திருநெல்வேலிப் பக்கமிருந்து தாத்தா காலத்தில் வியாபாரத்துக்கு வந்து இங்கேயே தங்கிப்போன குடும்பங்கள் எங்களுடையவை. யாராவது செத்தால் தூக்க நாலு ஆள் தேட வேண்டியிருந்தது. அதற்காக அப்பாவும் கிடங்கில் அவரோடு வேலை பார்த்தவர்களும் சேர்ந்தார்கள். பிறகு ரத்தம் கொடுத்தார்கள். வெள்ளம் வந்தபோது அரிசி மூட்டையோடு படகேறிப் போனார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் பெற்ற பிள்ளைகளே தொடாத பிணங்களை எடுத்தார்கள். எல்லாம் உண்மை. இவ்வளவு நல்லது செய்துவிட்டு இவ்வளவு கல்நெஞ்சாக இருந்தவர்களையும் நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அப்பாவிடம் இந்த விதிக்கு ஒரு நியாயம் இருந்தது. "நன்றி சொல்லாம வாங்குனா அது பிச்சை. நாலு பேரு முன்னால சொல்லிட்டா தீந்துது. பின்னே அவன் நம்மகிட்ட தலை குனிய வேண்டாம்" என்பார். மனதார நம்பினார். அதுதான் எனக்கு ஆத்திரமாக வரும். வேஷக்காரராக இருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம்.

ஒரு வருஷம், புருஷனை இழந்து சில வாரங்களே ஆன ஒரு பெண் மேடைக்கு வந்தாள். ஃப்ரீசர் பெட்டி வாங்கியவள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு என்னவோ முனகினாள். அப்பா முன்வரிசையிலிருந்து, "கேக்கல. மைக்குல சொல்லும்மா" என்றார். மறுபடி முனகினாள். "இன்னும் கேக்கல." மூன்றாவது முறை அவள் கத்தியே விட்டாள். கூட்டம் கை தட்டியது. அப்பா திருப்தியாகத் தலையாட்டினார். என் பக்கத்தில் இருந்த அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று எங்களுக்கு முன்னால் சங்கத்துக் கட்டில் வந்து நின்றது. நான் தினமும் படகேறி அக்கரைக்குப் போய், தேவராவில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறேன். ஒரு கட்டில் வாங்க வக்கில்லாதவள் இல்லை. புதுக் கட்டிலுக்குச் சொல்லிவிட்டேன் என்றதும் அப்பா இடது கையால் சங்கத்துக் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

விழா நெருங்கியபோது செயலாளர் வந்தார். அப்பாவே கைபிடித்துச் சங்கத்துக்குள் கொண்டுவந்த ஆள். சாயாவைக் குடித்து முடிக்கும்வரை வேறென்னவோ பேசிக்கொண்டிருந்தார். பிறகு அம்மா பக்கம் திரும்பினார்.

"மதினி, தப்பா எடுக்கப்பிடாது. அண்ணாச்சி மேடைக்கு வரணும். அவுங்களுக்கு மட்டும் விட்டுக்கொடுத்தா மத்தவங்க கேப்பாங்கல்லா?"

"வாய் வராத மனுசனை மைக்கு முன்னால நிறுத்தி என்ன பாக்கப்போறீங்க? கட்டிலை இப்பமே எடுத்துட்டுப் போங்க" என்றேன் நான்.

அப்பா கம்பியில் ஓங்கி அடித்தார். போவேன் என்று அர்த்தம். செயலாளர், "பாத்தியளா, அண்ணாச்சி அண்ணாச்சிதான்" என்று சிரித்தார். அந்தச் சாயா தம்ளரைப் பிடுங்கி அவர் தலையில் கவிழ்க்க வேண்டும் போல் இருந்தது.

அன்றிலிருந்து அப்பா பழகினார். ஆபீஸ் கிளம்புமுன் தினமும் நான் எதிரே உட்காருவேன். முதலில் "வா" வரும். பிறகு நெடுநேரம் ஒன்றும் வராது. கழுத்து நரம்பு புடைக்கும், எச்சில் வழியும். துடைக்கப் போனால் தலையை ஆட்டி என்னைத் தள்ளுவார். "ங்கி." மறுபடி காத்திருக்க வேண்டும். விழாவுக்கு முன்தினம் காலையில் முழுவதும் சொன்னார். நான் கிளம்ப வேண்டிய படகு போய்விட்டது. ஆனால் சொன்னார், கடைசி எழுத்து வரைக்கும். நான் அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். அம்மா அப்போது மீன் வாங்கப் போயிருந்தாள். வந்ததும் சொன்னேன், நம்பவில்லை. "நீ சும்மா சொல்லுத" என்றாள்.

விழாவில் வரவேற்பு, அறிக்கை எல்லாம் மலையாளத்தில் நடந்தன. இப்போதைய இளைஞர்களுக்குத் தமிழ் வாசிக்க வராது. செயலாளர் அப்பாவை நிறுவனர் என்று சொல்லவில்லை. கட்டில் வாங்கியவர்கள் வரிசையில் வைத்து, அடுத்த பயனாளி என்று மட்டும் கூப்பிட்டார். அதுவும் அப்பா போட்ட முறைதான். மேடையில் பயனாளிக்கு வேறு பட்டம் கிடையாது. நாற்காலியோடு அவரை மேலே தூக்கினார்கள்.

அப்பா மைக்கை இடது கையில் வாங்கிக்கொண்டார். "வா" என்றார். ஒலிபெருக்கியில் அவருடைய மூச்சு மட்டும் கேட்டது. முன்வரிசையில் யாரோ இருமினார்கள். ஒரு பெண் தன் பிள்ளையின் முகத்தைத் திருப்பி மடியில் புதைத்துக்கொண்டாள். எச்சில் இறங்கிச் சட்டையில் விழுந்தது. "ங்கி" என்றார். வந்துகொண்டிருக்கிறது, காத்திருந்தால் போதும் என்று எனக்குத் தெரியும். அந்த மண்டபத்தில் எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும்.

அப்போது ஒருவர் கை தட்டினார். உடனே எல்லோரும் தட்டினார்கள். விட்டால் போதும் என்கிற தட்டல். அப்பா இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினார். அவர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். "மதி அண்ணாச்சி, மதி" என்று, போதும் என்பதை மலையாளத்தில் சொல்லிக்கொண்டே செயலாளர் மைக்கை வாங்கப் பார்த்தார். அப்பா விடவில்லை. இரண்டு தொண்டர்கள் வந்து, முகத்தில் சிரிப்பு மாறாமல், அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள்.

அப்பா அவர்களைப் பார்க்கவில்லை. முதலில் தட்டிய ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கத்தில் அம்மா இன்னும் தட்டிக்கொண்டிருந்தாள். கண்ணீர் வழிய, கை சிவக்கத் தட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கஞ்சி கொண்டுவந்தாள். அப்பா வாயைத் திறக்கவில்லை. ஸ்பூனை உதட்டில் வைத்தால் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பினார். நான் வாங்கி ஊட்டினேன். குடித்தார்.

"பாவம், எல்லாரும் பாத்துட்டு இருந்தாவளேன்னுதான் நான் மொதல்ல தட்டுனேன்" என்றாள் அம்மா, அடுக்களையில். கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "விட்டிருந்தா சொல்லி முடிச்சிருப்பாவளா?"

"முடிச்சிருப்பாங்க" என்றேன்.

அதன் பிறகு அப்பா வாயைத் திறந்து ஒரு சத்தம்கூட எழுப்பவில்லை. சாகும்வரை அம்மா கையால் ஒரு வாய் வாங்கவும் இல்லை. வேளாவேளைக்கு அம்மா கஞ்சியை ஆற்றிக்கொண்டு வந்து, அறைக்கு வெளியே நின்று, என்னிடம் நீட்டுவாள்.