டாலரன்ஸுக்குள் வந்த ரத்தம்

ரத்தம் பார்க்கும் பிராக்டிகல் என்றால் எனக்குக் காலையிலேயே அலுப்பு வந்துவிடும். ஊசி என்றதும் பாதிப் பிள்ளைகளுக்கு பாத்ரூம் வரும். மீதிப் பேரில் ஒருத்தி அழுவாள், ஒருத்தி சிரிப்பாள், ஒருத்தி பக்கத்தில் இருப்பவளின் விரலைக் கடன் கேட்டுக் கெஞ்சுவாள். திருப்பூர் வேலம்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு பாராமெடிக்கல் கல்லூரியில் ஃபிசியாலஜி லேப் டெமான்ஸ்ட்ரேட்டராக இருக்கிறேன். ஓய்வு பெறும் வயது வந்துவிட்டது. மனித உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று நாள் முழுக்க நின்றபடி சொல்லிக்கொடுத்தால், சொல்லிக்கொடுப்பவளின் முட்டி என்ன ஆகும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் போடவில்லை.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் "அனுபவத்தைச் சொல்லுங்க மேடம்" என்று கேட்கிறார்கள். நிறைய இருக்கிறது, எல்லாவற்றையும் சொல்லத் தெம்பில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

கீர்த்தனா செய்த ஆல்டர்

அன்றைக்கு ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். எங்கள் லேபில் இன்னமும் பழைய சாலி முறைதான். அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ஆசிட். விரல் நுனியில் குத்தி, பிப்பெட்டில் உறிஞ்சிய ரத்தத்தை அதில் விட்டால் பழுப்பாக மாறும். பிறகு டிஸ்டில்டு வாட்டரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்க வேண்டும். நிறம் வெளுத்துக்கொண்டே வந்து, பக்கத்தில் இருக்கும் ஸ்டாண்டர்டு கண்ணாடியோடு ஒத்துப்போகும் இடத்தில் நிறுத்த வேண்டும். குழாயில் எந்தக் கோடோ அதுதான் ரீடிங். நல்ல ரத்தம் நிறைய தண்ணீர் தாங்கும், கோடு மேலே போகும். ரத்தக்குறைவு என்றால் கீழேயே ஒத்துப்போய்விடும்.

நிறம் பார்ப்பதில் திருப்பூர்ப் பிள்ளைகளை அடித்துக்கொள்ள ஆளில்லை. பாதிப் பேர் வீட்டில் பனியன் கம்பெனி வேலை. சாயங்காலம் செக்கிங் டேபிளில் போய் நிற்கிற பிள்ளைகளும் உண்டு. ஷேடு ஒரு இழை மாறினாலும் சொல்லிவிடுவார்கள். அதனால்தான் கீர்த்தனா நீட்டிய குழாயைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல் வந்தது. ரீடிங் பன்னிரண்டரை. ஆனால் உள்ளே இருந்தது கழுவித் தண்ணீர் ஊற்றிய டீ டம்ளர் மாதிரி வெளுத்துக் கிடந்தது.

கீர்த்தனாவின் அப்பா அனுப்பர்பாளையத்தில் சின்னதாக ஒரு பனியன் யூனிட் வைத்திருக்கிறார். அன்று ரத்தம் கொடுத்தது அவளுடைய ஜோடி ஸ்டெல்லா.

"ஏன் கண்ணு, இது மேட்ச் ஆயிருக்குதா?" என்றேன்.

"ஆச்சுங்க மேடம்."

"இந்த ஷேட்ல பீஸ் போட்டா உங்கப்பாகிட்ட பையர் எடுப்பானா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எடுக்க மாட்டானுங்க."

"அப்பறம்?"

"இல்லீங்க மேடம், ஏழுலயே மேட்ச் ஆயிருச்சுங்க. போர்டுல பன்னண்டுல இருந்து பதினாறுன்னு போட்டிருக்கீங்கல்ல? ஏழுன்னா டாலரன்ஸுக்கு வெளிய போயிருதுங்களே. அதான் தண்ணி சேத்தி உள்ள கொண்டாந்தேனுங்க."

பனியன் கம்பெனியில் ஒவ்வொரு பீஸையும் டேப் வைத்து அளப்பார்கள். அரை இஞ்ச் கூடலாம், குறையலாம். அதுதான் டாலரன்ஸ். அதைத் தாண்டினால் ஆல்டருக்கு அனுப்பி, பிரித்துத் தைத்துச் சரியாக்குவார்கள். அதைப் பார்த்தே வளர்ந்த பிள்ளை, தோழியின் ரத்தத்தையும் ஆல்டர் செய்துவிட்டது. அவளுக்கு அதில் ஒரு குற்ற உணர்வும் இல்லை. ரிஜெக்ட் ஆகாமல் தோழியைக் காப்பாற்றிவிட்டதாகத்தான் நினைத்தாள்.

"அட கிறுக்குப் புள்ள! இது பனியனா, மனுசி ரத்தமா?" என்று கத்திவிட்டேன். லேபே திரும்பிப் பார்த்தது.

ஸ்டெல்லாவின் இன்னொரு விரலில் குத்தி நானே செய்தேன். அதே ஏழு. கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், வெள்ளைவெளேர் என்று இருந்தது.

"படி ஏறுனா மூச்சு வாங்குதா?"

"லேசா வாங்கும் மேடம். எங்க வீட்ல எல்லாருக்கும் அப்படித்தான்" என்றாள் ஸ்டெல்லா.

பன்னிரண்டரையாகவே இருக்கட்டும்

எல்லோரும் போன பிறகும் ஸ்டெல்லா போகவில்லை. நான் கழுவிய குழாய்களை வாங்கி வாங்கி ஸ்டாண்டில் கவிழ்த்துக்கொண்டு நின்றாள். ஏதோ கேட்கப் போகிறாள் என்று தெரிந்தது. எனக்கோ எப்போது உட்காருவோம் என்று இருந்தது.

"மேடம், அது பன்னெண்டரையாவே இருக்கட்டுமே."

"எதுக்கு?"

"அடுத்த மாசம் ஆஸ்பத்திரி போஸ்டிங். ஃபிட்னெஸ் இல்லன்னா அனுப்ப மாட்டாங்க. எங்கம்மா இப்பவே, படிச்சது போதும், கம்பெனிக்கு வான்னுதான் சொல்லுதா. இது தெரிஞ்சா நிப்பாட்டிருவா மேடம். சத்தியமா நிப்பாட்டிருவா."

ஸ்டெல்லாவின் குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தது. அப்பா பிரிந்து போய்விட்டார். அம்மாவும் மகளும் லைன் வீட்டில் இருக்கிறார்கள். அம்மா ஓவர்லாக் மிசினில் டெய்லர். ஸ்டெல்லா காலேஜ் விட்டதும் அதே கம்பெனியில் செக்கிங்குக்குப் போய், இருட்டிய பிறகு அம்மாவோடு வீடு திரும்புவாள்.

எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. இத்தனை வருஷ சர்வீஸில் இந்த மாதிரிக் கெஞ்சல்களைக் கேட்டுக் கேட்டு மனசு மரத்துவிட்டது என்று நினைத்திருந்தேன். மரக்கவில்லை. ஆனாலும் ஏழு கிராம் ரத்தத்தோடு ஒரு பிள்ளையை வார்டில் நிற்க வைக்க என்னால் முடியாது. ஹெச்.ஓ.டி.யிடம் போய்ச் சொன்னேன்.

அவர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "ஆரம்பிச்சுட்டீங்களா மேடம்? வருசா வருசம் ஒரு கேஸக் கண்டுபுடிச்சு என்ர தலையில கட்டறீங்க. ஏழு கிராம வெச்சுக்கிட்டு வார்டுல மயங்கி உழுந்தா யாருங்க பதில் சொல்றது? அவங்கம்மாவ வரச் சொல்லுங்க."

இதைக் கேட்டதும் ஸ்டெல்லா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

எஸ்தர் நீட்டிய விரல்

அம்மாவின் பெயர் எஸ்தர். லேப் இரண்டாவது மாடியில் இருக்கிறது. அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறி வருவதை மேலிருந்து பார்த்தேன். நடுவில் இரண்டு இடத்தில் நின்றார். உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்த பிறகும் மூச்சு வாங்கியது.

நான் விஷயத்தைச் சொன்னதும் தலையாட்டினார். "அவ ஒழுங்காத் திங்க மாட்டா மேடம். படிப்பு படிப்புன்னு கெடந்தா ஒடம்பு என்னத்துக்கு ஆவும்? டி.சி.யக் குடுத்துருங்க. எங்கூட வந்து மிசின்ல உக்காரட்டும். ரெண்டு பேருமா ஒழைச்சு நிம்மதியாத் தின்னுக்கிடுதோம்."

ஸ்டெல்லா சிங்க் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். தோள் மட்டும் குலுங்கியது.

படிப்பின் பெருமையை எல்லாம் அந்த அம்மாவிடம் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. மடியில் கிடந்த அவர் கையைப் பார்த்தேன். நகங்கள் சுண்ணாம்பு மாதிரி இருந்தன, நடுவில் குழிந்தும் இருந்தன.

"வந்ததுக்கு உங்களுக்கும் ஒருக்கா பாத்தரலாங்களாம்மா?"

"எனக்கு என்னத்துக்கு மேடம்? நான் கல்லு மாதிரி இருக்கேன்."

"அப்பறம் ஏனுங்க படியில ரெண்டு எடத்துல நின்னீங்க?"

எஸ்தர் கையை நீட்டினார்.

மகளே பார்க்கட்டும் என்று ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அம்மாவின் விரல் நுனி காய்த்துப்போயிருந்தது. முதல் குத்தில் ரத்தம் வரவில்லை. அவள் தயங்க, "நல்லாக் குத்துட்டீ. மிசின் ஊசி நகத்துல எறங்கினப்பவே நான் அழல" என்றார் எஸ்தர்.

குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஸ்டெல்லா தண்ணீர் விட்டாள். ஒரு சொட்டு, கலக்கல், ஒரு சொட்டு, கலக்கல். சீக்கிரமே கை நின்றுவிட்டது. குழாயை வலமும் இடமுமாகத் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"மேடம், அஞ்சரை."

"இன்னொருக்கா பாரு கண்ணு."

பார்த்தாள். அஞ்சரைதான்.

"அஞ்சரைன்னா என்னட்டீ?" என்றார் எஸ்தர்.

"பன்னெண்டாவது இருக்கணும்மா. ஒனக்குப் பாதிகூட இல்ல."

வைவா பரீட்சையில் கேட்பது போல நான் கேட்டேன். "ரத்தம் கொறஞ்சா என்னென்ன ஆகும்? அம்மாவுக்குச் சொல்லு."

ஸ்டெல்லா சொன்னாள். ஆக்சிஜன் பத்தாது. கொஞ்சம் நடந்தாலும் மூச்சு வாங்கும். நெஞ்சு படபடவென்று அடிக்கும். கால் கனக்கும். தலை சுற்றும். உட்கார்ந்தால் தூக்கம் வரும். ஒவ்வொன்றுக்கும் எஸ்தர் "ஆமா" என்றார். முதலில் சத்தமாக, போகப்போக மெதுவாக.

பிறகு அவராகவே பேசினார். "மிசின்ல உக்காந்தா கண்ணு சொக்கும் மேடம். வீட்டுக்கு வந்தா அடுப்புல ஒல வைக்க முடியாது, அப்படியே விழுந்துருவேன். லைன்ல சூப்பர்வைசரு சோம்பேறின்னு வைவான். இவ அப்பாவும் அதச் சொல்லித்தான் போனாரு. கோவம் வந்தா இவளுஞ் சொல்லுவா." குழாயைக் காட்டிக் கேட்டார். "அப்போ நான் சோம்பேறி இல்லியா மேடம்?"

ஸ்டெல்லா பிப்பெட்டை டேபிளில் போட்டுவிட்டு அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"இல்லீங்கம்மா. உங்களுக்கு ரத்தம் பத்தலீங்க. அவ்வளவுதானுங்க" என்றேன்.

மறுநாள் இருவரும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எஸ்தரை அட்மிட் செய்து ரத்தம் ஏற்றினார்கள். மகளுக்கு மாத்திரை. ஹெச்.ஓ.டி. முனகிக்கொண்டே ஸ்டெல்லாவை இரண்டாவது பேட்ச் போஸ்டிங்குக்கு மாற்றிப் போட்டார். டி.சி. கேட்டு எஸ்தர் திரும்ப வரவில்லை. ஸ்டெல்லா செக்கிங் வேலையை விட்டுவிட்டாள், அம்மாதான் விடச் சொன்னாராம். அந்த வீட்டில் மாசம் எப்படி ஓடுகிறது என்று நான் கேட்கவில்லை. கேட்கத் துணிச்சல் இல்லை.

வேலையில் நான் மாற்றிக்கொண்டது ஒன்றுதான். எல்லாப் பிள்ளைகளும் ரீடிங்கைச் சொல்லி முடித்த பிறகே நார்மல் அளவைப் போர்டில் எழுதுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். அலுப்பாக இருக்கிறது என்று ஒரு பெண் சொன்னால் முதலில் அவள் விரலைக் கேளுங்கள். அவள் குணத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.