பதின்மூன்று வீடு தாண்டி நிற்கும் கரகம்

1. நம்பர் ஒன்று

காலை பத்தரை மணிக்குப் பத்திரிகையின் சென்னை டெஸ்க்கிலிருந்து போன் வந்தது. மாவட்ட இணைப்பில் ஒரு விளம்பரம் கடைசி நேரத்தில் ரத்தாகி, அரைப் பக்கம் காலியாக இருந்தது.

"கேசவன், உங்க ஊர்ல ஏதாவது ஒரு தெருவுக்கு முதல் ஆளா குடிவந்தவர்னு யாராவது இருப்பாங்கல்ல? காடா கெடந்த எடத்துல வீடு கட்டினவர், அந்த மாதிரி. முந்நூத்தம்பது வார்த்தை, ஒரு போட்டோ. ரெண்டு மணிக்குள்ள அனுப்பிடுங்க" என்றார் உதவி ஆசிரியர்.

நான் அப்போது காஞ்சிபுரத்தில் பகுதி நேர நிருபர். வேலைக்குச் சேர்ந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஏனாத்தூர் போகிற வழியில் நெசவாளர்கள் தாங்களாகவே உண்டாக்கிக்கொண்ட தெரு ஒன்று இருப்பது தெரியும். தெருவின் பெயரை இங்கே எழுதவில்லை. ஒரு முறை எழுதியதே போதும்.

ஸ்கூட்டரில் போனேன். ஒரு பக்கம் மட்டும் வீடுகள், எதிர்ப்பக்கம் வாய்க்கால். மெயின் ரோட்டை ஒட்டிய முதல் வீட்டின் வாசலில் நகராட்சியின் தகர அட்டை: நம்பர் 1. வீட்டுக்காரர் சுந்தரமூர்த்தி, நாற்பதைத் தாண்டியவர், உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"இந்தத் தெருவுக்கு முதல்ல குடிவந்தது யாரு சார்?"

"எங்கப்பாவாதான் இருக்கணும். நான் அப்ப கைக்கொழந்த, எனக்கு இன்னா தெரியும்? ஆனா நம்பர் ஒன்னு நம்ப வூடுதான், பாத்தீங்கல்ல?"

பார்த்திருந்தேன். வாய்ச்சொல்லை நம்பாதே, ஆவணத்தைப் பார் என்பது எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர்கள் சொன்னது. அந்தத் தகர அட்டையை நான் ஆவணமாக எடுத்துக்கொண்டேன். "இருக்கணும்" என்று அவர் சொன்னதை என் குறிப்பேட்டில் எழுதவில்லை. மாலை போட்ட அவருடைய அப்பா படத்தைப் படம் எடுத்தேன். காபி குடித்தேன். ஒன்றரை மணிக்குக் கட்டுரை போய்விட்டது. மறுநாள் நாலு பத்தி அகலத்தில், என் பெயரோடு வந்தது. அந்த வாரம் முழுக்கப் பஸ் நிலையத்து டீக்கடையில் என்னிடம் அதைப் பற்றிப் பேசினார்கள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

2. மூன்று குழிகள்

பத்து நாள் கழித்து ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் ஷேர் ஆட்டோவில் என் வீட்டுக்கு வந்தார். கையில் கட்டுரையின் கட்டிங். சகுந்தலா என்று பெயர் சொன்னார். அதே தெருவில் பதினாலாம் நம்பர்.

"இது நீங்க எழுதனதா சார்?"

"ஆமாம்மா."

"அன்னிக்கு உங்க ஸ்கூட்டர் சத்தம் எனக்குக் கேட்டுது. தறியிலதான் உக்காந்துக்கினு இருந்தேன். இன்னும் பதிமூணு வூடு வந்திருந்தா, மொதல்ல வந்தவங்களையே பாத்துருப்பீங்க."

"உங்க அப்பாவா?"

"அப்பா செத்துப் பல வருசம் ஆவுது. அம்மா இருக்குது. உள்ள படுத்துக்கினு இருக்குது."

அன்று மாலையே போனேன். முன்னறையில் தறி, அதை ஒட்டிக் கட்டில். கட்டிலில் எத்திராஜம்மாள். எண்பதைத் தாண்டியவர். பார்வை போய்விட்டது, கால்களும் எழவில்லை. பேச்சு மட்டும் தெளிவாக இருந்தது.

"யாரு சகுந்தலா?"

"பேப்பர்ல எழுதுனவரும்மா."

"நம்மள வுட்டுட்டு நம்பர் ஒன்னப் போட்டவரா? உக்காரச் சொல்லு. அந்த நாற்காலி கால் ஆடும், பாத்து உக்காரச் சொல்லு."

அவர் கணவர் ஏகாம்பரம் பிள்ளையார்பாளையத்தில் வாடகை வீட்டில் நெய்துகொண்டிருந்தவர். காஞ்சிபுரம் கைத்தறிக்கு, நெய்கிறவர் கால் தொங்கவிட்டு மிதிக்கத் தரையில் குழி வேண்டும். இரண்டாவது தறிக்குக் குழி தோண்ட வீட்டுக்காரர் விடவில்லை. அதனால்தான் ஊரைவிட்டுத் தள்ளி, வேலிகாத்தான் முள் மண்டிய இடத்துக்கு வந்திருக்கிறார்கள். தறிக்குழியில் ஈரம் ஊறினால் மரம் உப்பும், பட்டு கெடும். ஆகவே அவர் வீட்டுக்கு இடம் பார்க்கவில்லை. குழிக்குத்தான் பார்த்தார்.

"ரோட்டாண்டதான் மொதல்ல தோண்டுனாரு" என்றார் எத்திராஜம்மாள். "விடிஞ்சி பாத்தா குழிக்குள்ள தவள உக்காந்துக்கினு இருக்குது. இன்னும் கொஞ்சம் உள்ள வந்து தோண்டுனாரு. அதுலயும் ஊத்து. மூணாவதுதான் இது. மூணு நாள் அப்படியே வுட்டுப் பாத்தாரு, பொட்டு ஈரம் இல்ல. ஒடனே கூர போட்டாரு. எதுக்குன்ற? தறிக்கு. நானும் ரெண்டு புள்ளைங்களும் ஒரு மாசம் மரத்தடியில கெடந்தோம்."

"நீங்க சண்ட போடலயா?"

"போடாம? எங்கம்மா வூட்டுக்குப் பூட்டேன். பத்து நாள் கழிச்சி வந்து கூப்ட்டாரு. வந்து பாத்தா அப்பவும் எங்களுக்குக் கூர இல்ல, வேட்டிய நாலு பக்கம் மறப்பு கட்டி வெச்சிருக்காரு. சரி, மனுசன் கொஞ்சம் பயந்துட்டாருன்னு இருந்துட்டேன். இவ அந்தத் தறி பக்கத்துலதான் பொறந்தா."

பிறகு வந்த நெசவாளர்கள் காய்ந்த மண் எங்கே என்று அவரைக் கேட்டுக்கொண்டு, அந்த வீட்டுக்கு இருபக்கமும் கட்டிக்கொண்டே போனார்கள். ரோட்டுப் பக்கத்து ஈர நிலம் மண் அடித்து உயர்த்திய பிறகு, கடைசியாக நிரம்பியது. நகராட்சி நம்பர் போட வந்தவர்கள் ரோட்டிலிருந்து எண்ணத் தொடங்கினார்கள். முதல் வீடு பதினாலாம் நம்பர் ஆனது இப்படித்தான்.

இதை யாரையும் கேட்காமலே நான் கண்டுபிடித்திருக்க முடியும். ஆடி மூன்றாம் ஞாயிறு அந்தத் தெரு அம்மனுக்குக் கூழ் வார்க்கும் நாள். காலையில் பம்பை முழங்கப் பூங்கரகம் தெருவுக்குள் வரும். பதின்மூன்று வாசல்களில் நிற்காமல் தாண்டி, பதினாலாம் நம்பர் வாசலில் நின்று முதல் மஞ்சள் தண்ணீர் வாங்கிக்கொண்டு, அப்புறம் திரும்பிப் போய் ஒன்றாம் நம்பரிலிருந்து வரிசையாக வரும். முதல் கரகம் எடுத்த வருடம் அங்கே அந்த ஒரு வீடுதான் இருந்தது. பிறகு முன்னால் எத்தனை வீடு வந்தாலும் கரகம் அங்கேதான் முதலில் போயிற்று. இருபது வருடம் இந்த ஊரில் செய்தி எழுதியவன் ஒரு ஆடிக்குக்கூட அந்தத் தெருவுக்குப் போனதில்லை.

சகுந்தலா என்னைத் தேடி வந்த காரணமும் அதுதான். தெரு நலச்சங்கத்துச் செயலாளர் சில வருடம் முன்பு குடிவந்தவர். என் கட்டுரையை லேமினேட் செய்து கோயிலில் மாட்டியிருந்தார். கரகம் ஏன் வீணாகப் போய்த் திரும்ப வேண்டும், முதல் வீடுதான் எது என்று பேப்பரிலேயே வந்துவிட்டதே, இந்த ஆடியிலிருந்து நம்பர் ஒன்றிலேயே தொடங்கலாம் என்று கூட்டத்தில் முடிவு செய்துவிட்டார்கள். சகுந்தலா எதிர்த்துப் பேசியிருக்கிறார். "நீ உங்க வூட்டுக்குத்தானம்மா பேசுவ" என்று சொல்லிவிட்டார்கள்.

கிளம்பும்போது, பேப்பரில் திருத்தம் போட்டுவிடுகிறேன் என்று எத்திராஜம்மாளிடம் சொன்னேன்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுப்பா, இப்ப கண்ணும் இல்ல. நீ எழுதுனா எழுது, எழுதாட்டி போ. பம்பை சத்தம் நேரா நம்ப வாசலுக்கு வரணும். அத மட்டும் பாரு."

அவர் கேட்டது பேப்பர் அல்ல என்பதை அவரே சொல்லிவிட்டார். என் காதில்தான் ஏறவில்லை.

3. பெக்

ஆடி மூன்றாம் ஞாயிறுக்கு மூன்று வாரம் இருந்தது. டெஸ்க்குக்குப் போன் செய்து திருத்தம் போடச் சொன்னேன்.

"வக்கீல் நோட்டீஸ் வந்துச்சா?" என்றார் உதவி ஆசிரியர்.

"இல்ல சார்."

"ஆபீசுக்கு லெட்டர் போட்டாங்களா?"

"இல்ல. அந்தம்மாவோட பொண்ணு நேர்ல வந்து சொன்னாங்க."

"நேர்ல வந்து சொல்றதுக்கெல்லாம் திருத்தம் போட்டா அதுக்கே தெனம் ஒரு பக்கம் வேணும் கேசவன். நல்ல பெக் கெடச்சா புதுசா ஒரு ஸ்டோரியா பண்ணுங்க. வயசான அம்மா, முதல் குடி... மகளிர் தினத்துக்கு வெச்சுக்கலாமே?"

பெக் என்றால் ஒரு செய்தியை மாட்டி வெளியிட ஒரு நாள், ஒரு சாக்கு. மகளிர் தினம் மார்ச்சில் வருவது. ஆடி ஜூலையில் பிறப்பது. நான் அதைச் சொல்லவில்லை. முழுநேர நிருபர் ஆக்குவதற்கான பட்டியலில் அப்போது என் பெயர் இருந்தது. அந்த நேரத்தில் என் பெயருக்கு எதிராக ஒரு திருத்தம் ஏறுவதை நானும் விரும்பவில்லை. டெஸ்க் மறுத்தது எனக்கு வசதியாகவே இருந்தது.

அடுத்து சங்கச் செயலாளருக்குப் போன் செய்தேன். சுற்றி வளைத்து, கட்டுரையில் ஒரு சின்னத் தகவல் பிசகு இருக்கலாம் என்றேன்.

"எனக்கு ரெண்டு வூடும் ஒன்னுதான் சார்" என்றார் அவர். "நீங்க எழுதுனத வெச்சித்தான் முடிவு பண்ணோம். ஞாயித்துக்கெழம காலையில எட்டு மணிக்குக் கோயிலாண்ட எல்லாரும் இருப்பாங்க. நீங்களே வந்து ஒரு வார்த்த சொல்லிடுங்க. கரகம் பழையபடி போவட்டும்."

வருகிறேன் என்றேன். சகுந்தலாவிடமும் சொன்னேன்.

4. ஞாயிற்றுக்கிழமை

அந்த ஞாயிறு காலை ஓர் அமைச்சரின் விழா வந்தது. அதற்கு வேறு ஆளை அனுப்பச் சொல்லியிருக்கலாம், ஒன்பதரைக்குமேல் தொடங்கிய விழா அது. எட்டு மணிக்குக் கோயிலில் சொல்லிவிட்டே விழாவுக்குப் போயிருக்கலாம். பலரிடம் நான் விழாவைத்தான் காரணமாகச் சொல்லியிருக்கிறேன். உண்மை வேறு. அறுபது எழுபது பேர் நிற்கிற இடத்தில், மாட்டியிருக்கிற என் கட்டுரைக்கு முன்னால் நின்று, நான் எழுதியது தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அமைச்சர் விழா மறுநாள் இரண்டு பத்தி வந்தது.

செவ்வாய்க்கிழமை பதினாலாம் நம்பருக்குப் போனேன். சகுந்தலா தறியிலிருந்து எழவில்லை. நெய்துகொண்டே பேசினார்.

"எட்டு மணிலேந்து தெருமுனையப் பாத்துக்கினே இருந்தேன் சார்."

"விழா ஒன்னு வந்துடுச்சும்மா."

"சரி சார்."

தறியை மிதித்து இன்னொரு இழை ஓட்டிவிட்டு மறுபடி பேசினார்.

"பம்பை தெருமுனையிலயே நின்னுபோச்சி. 'யாரு வூட்டாண்ட நின்னுது?'ன்னு அம்மா கேட்டுது. கூட்டமா இருக்குதும்மா, வழி இல்லாம நிக்கிறாங்கன்னு சொன்னேன். அப்பால ரெண்டாவது வூட்டாண்ட நின்னுது. மூணாவது வூடு. அம்மா எண்ணிக்கினே இருந்துது. பதிமூணையும் எண்ணிச்சி."

"இங்க வந்தப்ப?"

"நான் தண்ணி ஊத்துனேன். விபூதி உள்ள கொண்டாந்து குடுத்தேன். அம்மா அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிச்சி."

கட்டிலில் எத்திராஜம்மாள் தூங்குவதுபோல் இருந்தார். தூங்கினாரா என்று எனக்குத் தெரியாது. நான் கூப்பிடவில்லை.

ஐப்பசியில் திருத்தம் வந்தது. டெஸ்க்கில் ஆள் மாறி, புதிதாக வந்தவர் போட்டார். ஏரி நீர்மட்டப் பட்டியலுக்குக் கீழே மூன்று வரி. அதைக் கொண்டுபோய் எத்திராஜம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். முதலில் குடியேறியவர் பற்றிய தகவல் தவறாக வெளியாகிவிட்டது, வருந்துகிறோம் என்று இருந்தது.

"அவ்ளோதானா?"

"ஆமாம்மா."

"அவர் பேரு எங்க? எம்பேரு எங்க?"

நான் பதில் சொல்வதற்குள் அவரே, "எடம் இல்ல போல" என்றார். காபி போடச் சொல்லி மகளைக் கூப்பிட்டார்.

தை மாதம் அவர் இறந்துபோனார். நாலு வரி இறப்புச் செய்தி எழுதி அனுப்பினேன். அதில் கணவன், மனைவி இருவர் பெயரும் இருந்தன. அது பிரசுரமாகவில்லை.

5. ஐந்து நிமிடம்

அடுத்த ஆடி மூன்றாம் ஞாயிறு காலை ஏழரைக்கே கோயிலுக்குப் போய்விட்டேன். யாரும் கூப்பிடவில்லை. எல்லோரும் வந்தபின், கட்டுரை தவறு, நம்பர் அட்டையைப் பார்த்து நான்தான் ஏமாந்தேன், முதல் வீடு ஏகாம்பரம் எத்திராஜம்மாளுடையது என்று சொன்னேன். மூன்று குழிகளைப் பற்றியும் சொன்னேன்.

சுந்தரமூர்த்திதான் முதலில் பேசினார்.

"இத போன வருசமே சொல்லியிருக்கலாமே சார். எனக்கின்னா வந்துது? சின்ன வயசுலேந்து கரகம் அவங்க வூட்டுக்குப் போறததான் நானும் பாத்துருக்கேன். பேப்பர்ல வந்துருக்குதே, அப்ப நம்ப அப்பாதான் போலக்குதுன்னு நம்பிட்டேன்."

அவரைக் கேட்டு நான் எழுதினேன். நான் எழுதியதைப் பார்த்து அவர் நம்பினார். இரண்டு பேருக்கும் வேறு சாட்சி இல்லை.

செயலாளர் கட்டுரையைக் கழற்றிச் சுவரோரம் வைத்தார். எல்லாம் ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். "இருக்கணும்" என்று ஒருவர் சொன்னால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். முதல் என்ற சொல்லை எழுதுமுன் தெருவின் கடைசிவரை நடந்து பாருங்கள். தப்பு நடந்துவிட்டால், அது யாரைப் பாதித்ததோ அவர்கள் நடுவில் போய் முதலில் வாயால் சொல்லுங்கள். டெஸ்க், திருத்தம், பெக் எல்லாம் அப்புறம். நாலு பேர் முன்னால் அசிங்கப்பட எனக்கு ஒரு வருடம் தேவைப்பட்டது. எத்திராஜம்மாளுக்கு அந்த ஒரு வருடம் இல்லை.

கரகம் அன்று பதின்மூன்று வாசலையும் நிற்காமல் தாண்டிப் போனது. நானும் பின்னால் போனேன். சகுந்தலா குடத்தோடு நின்றிருந்தார். பம்பைக்காரர் திருப்புட்குழியிலிருந்து வருடத்துக்கு ஒரு நாள் மட்டும் வருகிறவர். அடித்துக்கொண்டே குனிந்து முன்னறைக்குள் பார்த்துவிட்டு, "கட்டில்ல ஆயாவக் காணமே, எங்கம்மா?" என்று கேட்டார்.

சகுந்தலா கரகம் எடுத்தவர் காலில் தண்ணீரை ஊற்றினார். பம்பைக்காரர் சட்டென்று அடிப்பதை நிறுத்திவிட்டார். செயலாளர் அடிக்கச் சொன்ன பிறகுதான் மறுபடி அடித்தார்.