சப்பாத்தில்லாமல் பார்த்த ஹெலிக்கே

மியூசியத்தில் காவல் நிற்பதற்கு நோகாத காலும் திறக்காத வாயும் வேண்டும். எனக்கு இரண்டும் இல்லை. நாள் முழுக்க நின்று உழைக்கிற உங்களுக்கு இது விளங்கும். மகளைக் கிண்டர்கார்டனில் விட்டுவிட்டு ஓடிவர ஏற்ற வேலை என்று ஷாஃப்ஹவுசன் நகர மியூசியத்தில் சேர்ந்தேன். புரோபெசைட், அதாவது சோதனைக் காலம், முடியும் மட்டும் ஒரு பிழையும் விடக்கூடாது. பார்க்க வருகிறவர்கள் கேட்டால் ஒழிய நாங்களாகக் கதைக்கவும் கூடாது.

சாமிக்கு முன்னால்

எனக்குத் தந்தது ஹெலிக்கே அறை. ஒரே இரவில் பூமி அதிர்ந்து, கடல் ஏறி, காணாமல் போன கிரேக்க ஊர். உள்ளே நுழைந்ததும் அந்த ஊரார் கும்பிட்ட கடல்தெய்வத்தின் பெரிய சிலை. என் கால் என்னைக் கேட்காமலே சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டது. கோட்டு வாங்கி வைக்கிற சூசை அண்ணை மன்னார்க் கத்தோலிக்கர். எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

“பிள்ளை, விட்டால் தேங்காயும் உடைப்பாய் போல!”

எலியும் ஊராட்சியும்

பிறகு வந்தது ஓய்வுபெற்றவர்களின் கூட்டம் ஒன்று. வாசலில் என் சப்பாத்தைக் கண்டதும் அதுதான் சட்டம் என்று நினைத்து, வரிசையாகக் கழற்றி வைத்தார்கள். தடுக்க வாயெடுத்தேன். ஆனால் ஒருத்தரும் என்னைக் கேட்கவில்லையே! காலுறையோடு மெல்ல மெல்ல நடந்து எல்லாவற்றையும் வாசித்தார்கள். ஒரு பெரியவர், “சனத்துக்கு என்ன நடந்தது?” என்றார். அப்பாடா, கேட்டுவிட்டார். ஒருத்தரும் தப்பவில்லையாம், எலியும் பாம்பும் மட்டும் முன்கூட்டியே ஊரைவிட்டு வெளிக்கிட்டுதுகளாம் என்று சொன்னேன்.

“எலிக்குத் தெரிந்தது கெமைண்டேக்கு, ஊராட்சி அலுவலகத்துக்குத் தெரியவில்லையா?” என்றார் பெரியவர்.

கிழிந்த வலை

மத்தியானமும் அந்தக் கூட்டம் வாசித்தபடியே நிற்க, சூசை அண்ணை வந்தார். ஊர் மூழ்கின பிறகும் வெண்கலச் சாமி தண்ணீருக்குள் நின்று வலைகளைக் கிழித்தது என்று பழைய ஆட்கள் எழுதியதைக் காட்டினேன். மீன்பிடிக் குடும்பத்து மனிசன் தலையை ஆட்டினார்.

“ஊரே போயிட்டுது, இவர் வலையைப் பற்றிக் கவலைப்படுறார். எழுதினவன் வலை முதலாளிச் சம்மாட்டியின்ர மருமகனாய்த்தான் இருப்பான்!”

வாசலில் பொறுப்பாளர்

அந்த நேரம் பார்த்துப் பொறுப்பாளர் அம்மா வந்தார். வாசல் நிறையச் சப்பாத்து. உள்ளே வெறும் காலுறைகள். வேலை போச்சுது என்று நினைத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் உள்ளே பார்த்தார். ஒருத்தரும் கோப்பி குடிக்கிற நேரம்கூட நிற்காத அறையில் அவ்வளவு பேரும் கடைசிப் பலகையில் குனிந்திருந்தார்கள்: காலமெல்லாம் கடலுக்குள் தேடிய ஊர், ஆற்று மண் மூடி, ஒலிவ் மரங்களுக்குக் கீழே நிலத்தில் கிடந்த கதை. அவர் குனிந்து தன் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தார்.

“நாளைக்கு இங்கே ஒரு சப்பாத்துத் தட்டு வைப்போம். தூசு துடைப்பது உங்கள் பொறுப்பு.”

வேலை நிலைத்தது, ஹெலிக்கேயும் கிடைத்துவிட்டது; அன்று யாரோ மாறிப் போட்டுக்கொண்டு போன என் சப்பாத்துத்தான் இன்னும் கிடைக்கவில்லை.