உதிலை ஒரு சின்னத் திருத்தம்

எங்கள் ஊரில் வெளிக்கிடுகிறவரிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்பது அபசகுனம். மீறிக் கேட்டாலும், கொழும்புக்குப் போகிறவர்கூட "உதிலை", அதாவது இந்தா பக்கத்தில்தான், என்றுதான் சொல்லுவார். இந்தப் பண்பாட்டைக் கணினித் துறைக்குள் கொண்டுவந்த பெருமை, கோப்பாயில் எங்கள் சிறிய மென்பொருள் அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரனையே சேரும்.

நிரலில் ஒரு பிழையைத் திருத்தினால், என்ன திருத்தினோம் என்று ஒரு வரித் தலைப்பு எழுதிச் சேமிக்க வேண்டும். அவன் எழுதுவது "சின்னத் திருத்தம்". அடுத்தது, "இன்னொரு சின்னத் திருத்தம்". பிறகு "கடைசித் திருத்தம்". மறுநாள், "உண்மையான கடைசி". ஏனென்று கேட்டால், "எல்லாத்தையும் விளக்கமாச் சொன்னாக் கண்ணூறு பட்டிடும் அக்கா" என்பான். கணினிக்குத் தேசிக்காயும் மிளகாயும் கட்டாததுதான் குறை.

கடற்றொழிலாளருக்குக் காற்று எச்சரிக்கையைக் குறுஞ்செய்தியாக அனுப்புகிற மென்பொருள் எங்களுடையது. ஒரு பின்னேரம் காற்றுப் பலக்கப் போகிறது, ஒரு செய்தியும் போகவில்லை. இவனோ சாவகச்சேரியில் கலியாண வீட்டில். அவன் திருத்தங்களைத் திறந்தேன். திரை நிறையச் சின்னத் திருத்தம். எதைத் திருப்பிப் போடுவது? பத்திக்கொண்டு வந்தது. போன் எடுத்தேன்.

"கடைசியா என்னத்தை மாத்தினனீ?"

"உதிலை சின்னதா ஒண்டு அக்கா. ஏன்?"

"காத்துச் சேதி ஒருத்தருக்கும் போகேல்லை. வல்வெட்டித்துறையிலை வள்ளங்கள் வெளிக்கிடப் போகுது. உன்ரை அண்ணையும் போவாரெல்லோ?"

மேளச்சத்தம் தூரப் போனது; வெளியே ஓடி வந்திருக்கிறான். பிறகு ஒரே மூச்சில் சொன்னான்.

"போன் இலக்கங்களின்ரை முன் சைபரை வெட்டிப்போட்டன் அக்கா. அதைத் திருப்பிப் போடுங்கோ. நான் அண்ணைக்குப் போன் அடிக்கிறன்."

எவ்வளவு தெளிவு! பிள்ளைக்கு வசனம் எழுத வராதென்றல்லவா நினைத்திருந்தேன். சைபரைப் போட்டேன், செய்திகள் போயின. வள்ளங்கள் கரையிலேயே நின்றுவிட்டன, ஒன்றைத் தவிர. அது முன்னமே இறங்கி, போன் எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. அதில்தான் அவன் தமையன் இருந்தார்.

கலியாண வேட்டியோடே அலுவலகத்துக்கு ஓடி வந்தான். நான் ஒரு நக்கலும் விடவில்லை. எனக்கும் பயமாக இருந்தது.

இருட்டுகிற மைமல் நேரத்தில், நனைந்து கரையேறிய தமையனே அவனுக்குப் போன் எடுத்தார். "ஏன்ரா எங்களுக்குச் சேதி வரேல்லை?"

அவன் எழும்பி நின்றான்.

"நான் மாத்தினதாலைதான் வரேல்லை அண்ணை. என்ரை பிழை."