நூறு முழத்து ஓடை

கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்துகொண்டிருந்த காலம் அது. எனக்கு எட்டு வயது. பழவேற்காட்டிலேயே என்னைவிடக் கணக்கு தெரிந்தவர் இல்லை என்ற திமிர் எனக்கு உண்டு. அந்தத் திமிரால் என் தாய்மாமனின் கல்யாணத்தையே கெடுக்கப் பார்த்தேன்.

மாமா கோட்டைச் சமையல்கட்டுக்கு மீன் கூடை சுமப்பவர். அவர் போய்ப் பெரிய வலைக்காரர் ஒருவரின் மகளைப் பெண் கேட்டார். முகத்துக்கு நேரே இல்லையென்று சொல்லப் பெரியவருக்கு மனமில்லை. ஒரு கணக்கைக் கொடுத்தார். ஏரிக்குப் போகும் ஓடை நூறு முழம் அகலம். வலைத் துண்டுகளோ ஆறு முழம், ஒன்பது முழம் என்று இரண்டே அளவு. வெட்டாமல், ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், கரைக்குக் கரை சரியாக அடைக்க எதில் எத்தனை வேண்டும்? சொன்னால் பெண் உனக்கு.

மாமா தினமும் என்னையும் இழுத்துக்கொண்டு போய், பெரியவர் வீட்டு வாசலில் கிளிஞ்சல்களைப் பரப்பி உட்கார்ந்துவிடுவார். அந்தப் பெண் கூழ் கொண்டுவருவாள். குனிந்து இரண்டு கிளிஞ்சலை இடம் மாற்றிவிட்டுப் போவாள். மாமா சிரித்துக்கொண்டே முதலிலிருந்து தொடங்குவார். ஒரு மாதம் இப்படியே போனது. எனக்குப் பொறுக்கவில்லை.

"மாமா, ஒம்போது முழத் துண்டு பதினொண்ணுக்கு மேல வெச்சா கரையேறிடும். ஒண்ணுகூட வெக்காததுல இருந்து பதினொண்ணு வரைக்கும் பன்னெண்டு தபா பாத்தா முடிஞ்சுது. நான் பாத்துட்டேன். எதுலயும் மிச்சம் ஆறு ஆறா பிரியல. அப்புறம் இன்னாத்துக்குத் தேடிக்கினே கீற?"

"முடிஞ்சுதுன்னா கெளம்புப்பா" என்றார் பெரியவர்.

மாமாவின் முகம் செத்துப்போனது. பாராட்டை எதிர்பார்த்து நின்ற எனக்குக் காதில் நல்ல திருகு ஒன்று கிடைத்தது.

அந்தப் பெண் மட்டும் அசரவில்லை. "நைனா, ஓடைய அளந்தது நீதான. நானும் ஒரு தபா அளந்துர்றேன்" என்றாள். ஓடைக்குக் குறுக்கே இழுத்து அளவெடுத்த கயிறு கூரையில் தொங்கியது. அதை எடுத்துத் தன் கையால் முழம் போட்டாள். "நூத்திரெண்டு."

ஒரு மாதமாக விடை தெரியாத மாமா, அவள் வாயை மூடுவதற்குள், "ஒம்போது முழம் ஆறு, ஆறு முழம் எட்டு" என்றார். பெரியவர் மகளின் கையைப் பார்த்தார், பிறகு தன் கையைப் பார்த்தார். எழுந்து உள்ளே போய்விட்டார். தை பிறந்ததும் கல்யாணம்.

உப்புக் காற்றில் கயிறு இரண்டு முழம் நீண்டுவிட்டது என்று நான்தான் வெகுநாள் ஊரெல்லாம் விளக்கிக்கொண்டு திரிந்தேன்.