கம்பெனி கொடுத்த லைஃப் ஜாக்கெட்

தங்கச்சிமடத்தில் எங்கள் ஆட்களை அந்தப் பக்கத்துக் கடற்படை பிடித்துவிட்டால், முதலில் வந்து சேர்வது போனில் ஒரு படம்தான். எல்லோரும் தலையைக் குனிந்து வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். முகம் தெரியாது. சட்டையை வைத்துத்தான் அவரவர் புருஷனைக் கண்டுபிடிப்போம். அதனாலேயே என் வீட்டுக்காரர் கடலுக்குக் கிளம்பும்போது என்ன சட்டை என்று பார்த்து வைத்துக்கொள்வேன்.

எங்கள் கஷ்டத்தைக் கேள்விப்பட்டு ஒரு வெளிநாட்டுக் கம்பெனி அரசாங்கத்தோடு சேர்ந்து வந்தது. மாதா கோயில் மண்டபத்தில் விழா வைத்து, ஆளுக்கொரு ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் கொடுத்தார்கள். முன்னாலும் பின்னாலும் கம்பெனிப் பெயர். தலைமன்னாரில் நின்றே படிக்கலாம். பெண்கள் சார்பில் நான்தான் நன்றி சொன்னேன். நன்றாகவே சொன்னேன்.

வீட்டுக்காரர் போட்டுப் பார்த்தார். "இத மாட்டிக்கிட்டு எவன் வலை இழுக்கிறது? உக்கார வேணா மெத்துன்னு இருக்கும்" என்றார்.

அடுத்த முறை அவர் கடலுக்குப் போனது பச்சைக் கட்டம் போட்ட சட்டையில். தோளில் நான் தைத்த சிவப்பு ஒட்டு. நடுக்கடலில் அவர்கள் படகின் இன்ஜின் நின்றுவிட்டது. பாதிப் பேர் பக்கத்துப் படகுக்கு மாறினார்கள். அந்தப் படகு பிடிபட்டது. மீதிப் பேரோடு எங்கள் படகு காற்றில் எங்கே போனதென்று தெரியவில்லை. இவர் எந்தப் படகில் இருந்தார் என்றும் தெரியவில்லை. என் புருஷன் ஜெயிலில் இருக்க வேண்டும் மாதாவே என்று வாழ்க்கையில் முதல் தடவையாக வேண்டிக்கொண்டேன்.

படம் வந்தது. வரிசை முழுக்க ஆரஞ்சு. கம்பெனிப் பெயர் பளிச்சென்று தெரிந்தது. எது யார் புருஷன் என்றுதான் தெரியவில்லை. படத்தைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தேன்.

அப்போது கம்பெனி அதிகாரி போன் செய்தார். நன்றி சொன்னவள் என்பதால் என் நம்பர் அவரிடம் இருந்தது.

"மேடம், பேப்பர்ல வந்த படத்துல எங்க பேர் தெரியுது. எல்லை தாண்டினதுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லைன்னு நீங்க ஒரு வீடியோ பேசணும். அப்புறம், வரிசைக் கடைசியில ஒருத்தர் ஜாக்கெட்டைப் போடவே இல்ல. கீழ போட்டு மேல உக்கார்ந்திருக்கார். பாதுகாப்புக்குக் குடுத்தது மேடம் அது!"

எங்களுக்கு வந்த படத்தில் அந்த ஓரம் வெட்டுப்பட்டிருந்தது.

"அவுக என்ன சட்ட சார் போட்ருக்காக?"

"பச்சைக் கட்டம். தோள்ல செவப்பா ஒரு ஒட்டு."

போனைப் பிடித்துக்கொண்டே ஓவென்று அழுதேன். மனிதர் பயந்துபோனார்.

"ஐயோ, அழாதீங்க மேடம். உங்க தப்பு ஒண்ணுமில்ல. அடுத்த தடவை போடச் சொல்லுங்க."

சொல்வதாகச் சொன்னேன். கம்பெனிக்கு இன்னொரு முறை நன்றியும் சொன்னேன். இந்தத் தடவை மனசாரச் சொன்னேன்.